ஈச்சந்தலில் நின்ற மின்னல்

மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலைக் கொடியைப் பிடுங்கிப் புரட்டிப்போட்டு, காய் ஆய்வதற்கு ஆள் சொல்லியிருந்த ஐப்பசி மாதத்தில், வெயில் அடிக்க வேண்டிய நாளிலெல்லாம் மழை வந்து உட்கார்ந்துகொண்ட அந்த வருஷத்தில், ஈச்சந்தலுக்குக் கிழக்கே தீர்த்தகிரியின் கொல்லை நிலத்தில் ஒரு மின்னல் விழுந்தது. விழுந்த மின்னல் திரும்பிப் போகவில்லை. வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவே வெள்ளைவெளேரென்று, முறுக்கிக்கொண்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கிளைவிட்டு, யாரோ நட்டுவிட்டுப் போனது மாதிரி நின்றது. விழும்போதே, அங்கே காய் ஆய்ந்துகொண்டிருந்த பவுனம்மாளையும் அவள் மடியிலிருந்த காயையும் எடுத்துக்கொண்டது. மற்றப் பெண்கள் ஓடி ஏரிக்கரை ஏறி, மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தபோது பவுனம்மாள் உட்கார்ந்த இடத்தில் சாம்பல்கூட இல்லை. மின்னல் மட்டும் இருந்தது. சரி, பொழுது சாய்ந்தால் அணைந்துவிடும் என்று ஊர் காத்திருந்தது. பொழுது சாயவே இல்லை.

தீர்த்தகிரியின் பெண்சாதி அஞ்சலாட்சி அப்போது டவுனில் இருந்தாள். தாலுகா ஆபீசுக்குப் பின்னால், மாடியில், விவசாயிகள் சங்கம் நடத்துகிற ஒரு சின்ன வானொலி நிலையம் இருந்தது. அதில் தினமும் சாயங்காலம் உழவர் நேரம் படிப்பது அவள் வேலை. வானிலை, விதை நேர்த்தி, எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று எல்லாவற்றையும் அவள்தான் சொல்வாள். சுற்றுப்பட்டில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் அந்த நேரத்துக்கு அவள் குரல்தான். மின்னல் விழுந்த அன்றைக்கும், இடி இடிக்கும்போது திறந்த கொல்லையில் நிற்காதீர்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள் என்று படித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வரும் வழியில் தூரத்தில் வெளிச்சத்தைப் பார்த்த கண்டக்டர், உங்க ஊரில் ஏதோ திருவிழா போலிருக்கிறதே என்று கேட்டார். அஞ்சலாட்சிக்குத் தெரிந்து அந்த மாதத்தில் திருவிழா எதுவும் இல்லை.

பவுனம்மாளுக்காக ஊர் அழுதது, எரிப்பதற்கு உடம்பு இல்லாததால் அவள் புடவை ஒன்றை எரித்தது, பிறகு மின்னலோடு குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டது. ராத்திரி என்ற ஒன்று இல்லாமல் போனதால் ஜன்னல்களில் சாக்குத் தொங்கவிட்டுத் தூங்கினார்கள். கோழிகள் நேரங்கெட்ட நேரத்தில் முட்டையிட்டு, பிறகு முட்டையிடுவதையே விட்டுவிட்டன. கிராம நிர்வாக அலுவலர் வந்து, நிற்பது பட்டா நிலத்திலா புறம்போக்கிலா என்று கேட்டு, பட்டா நிலத்தில் என்றதும் நிம்மதியாகத் திரும்பிப் போனார். வெளியூர்க்காரர்கள் புளிசோறு கட்டிக்கொண்டு வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். கண் கூசுகிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வேறெங்கோ போனார்கள். மகனுக்குப் பெண் அமையாத ஒருத்தி பக்கத்து வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டினாள். கொஞ்ச நாளில் மின்னலுக்கு இந்தாண்ட, மின்னலுக்கு அந்தாண்ட என்று வழி சொல்கிற அளவுக்கு அது தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆகிவிட்டது.

மழைதான் பழகவில்லை. மழை விடாமல் பெய்தது. ஆய்ந்து குவித்த காய் குவியலிலேயே முளைவிட்டது. முளைவிடாத காயில் பச்சையும் மஞ்சளுமாகப் பூஞ்சணம் ஏறியது. அஞ்சலாட்சி தினமும் படித்தாள். பூஞ்சணம் பிடித்த மல்லாட்டையைத் தின்னாதீர்கள், எண்ணெய் ஆட்டாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள், அது ஈரலைத் தின்றுவிடும், காயைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று பருப்பு ஆட வேண்டும், அதுவரைக்கும் காயவையுங்கள் என்றாள். எங்கே காயவைப்பது என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவளுக்கும் தெரியாது. ஒரு வீட்டில் கெட்ட காயை வறுத்துத் தின்ற குழந்தைக்குக் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, பெரியாஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போனது.

அப்போதுதான் தீர்த்தகிரி ஒன்றைக் கவனித்தான். மின்னலைச் சுற்றி, ஒரு களத்தின் அளவுக்கு, மழை விழவில்லை. மேலே பெய்கிற மழை அந்த வட்டத்தின் ஓரத்தில் வந்து விலகிப் போயிற்று. உள்ளே மண் சித்திரை மாதத்து மண் மாதிரிச் சுட்டது. அவன் தன் காயைக் கொண்டுபோய் விரித்தான். மதியம் விரித்த காய் சாயங்காலம் குலுக்கினால் கலகலத்தது. மறுநாள் ஊரே தார்ப்பாயும் சாக்குமாக வந்து நின்றது. தீர்த்தகிரி நல்ல மனுஷன், அப்போது. எல்லாரும் விரிச்சிக்குங்க, மழை எனக்கு மட்டுமா பெய்யுது என்றான். அஞ்சலாட்சி அன்றைக்கு உழவர் நேரத்தில் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். ஈச்சந்தலில் காய் காய்கிறது என்று அவள் குரலிலேயே சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்தது.

அதைக் கேட்டு ஏரிக்கு அந்தப் பக்கத்து நெடுவந்தல்காரர்கள் டிராக்டர் டிராக்டராக வந்தார்கள். இடம் போதவில்லை. முறை வைத்தார்கள்; முறை தகராறு ஆனது; தகராறில் களைக்கொட்டால் ஒருத்தன் மண்டை உடைந்தது, இன்னொருத்தனுக்குக் கதிர் அரிவாளால் விரல்கள் போயின. ஒரு மத்தியானம், நெடுவந்தல் வீராசாமி தன் முறை வந்தும் இடம் விடவில்லை என்று ஈச்சந்தல்காரர்களின் காயைக் காலால் எத்தித் தள்ள, தீர்த்தகிரியின் தம்பி கஜேந்திரன் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். வேகமாகக்கூடத் தள்ளவில்லை என்று பிறகு சொன்னார்கள். வீராசாமி பின்வாக்கில் நாலெட்டு தடுமாறி மின்னலுக்குள் போனார். ஒரு சத்தம், ஈரத்துணியை உதறுவது மாதிரி. அவ்வளவுதான்.

எல்லாரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அப்போது வட்டத்தின் ஓரம் நகர்ந்தது. மழை ஒரு திரைச்சீலை மாதிரி பின்னுக்குப் போய், இன்னும் கொஞ்சம் மண் காய்ந்து, ஆவி கிளம்பி, அடங்கியது. அஞ்சலாட்சியின் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு தன் தார்ப்பாயை எடுத்து, புதிதாகக் காய்ந்த மண்ணில் கொஞ்சம் தள்ளி விரித்தாள்.

அதன் பிறகு ஒருத்தன் ஆட்டை ஓட்டிப் பார்த்தான், வட்டம் நகரவில்லை. கிழட்டு எருமையை ஓட்டினார்கள், நகரவில்லை. எதற்காக ஓட்டுகிறோம் என்று ஓட்டினவனும் சொல்லவில்லை, பார்த்தவனும் கேட்கவில்லை. ஆனால் மழை இன்னும் இருக்கிறது என்று அஞ்சலாட்சி படித்த ஒரு சாயங்காலத்துக்கு மறுநாள், பஸ் ஸ்டாப்பில் தனக்குத்தானே பேசிக்கொண்டு கிடந்த பெண் ஒருத்தியைக் காணவில்லை. வட்டம் பெரிதாகி இருந்தது. அடுத்த மழை அறிவிப்புக்குப் பிறகு, ஊர் ஊராகத் தோளில் கம்பளி சுமந்து விற்க வந்த ஒருவர் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் உண்டு, போனதைப் பார்த்தவர்கள் இல்லை. அவர் கம்பளிகள் சில வீடுகளில் இருந்தன. போலீசார் வந்தார்கள். உடம்பு இல்லை, ரத்தம் இல்லை, சாம்பலும் இல்லை. மின்னலைப் பார்த்துவிட்டு, ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காய் மட்டும் நன்றாகக் காய்ந்தது. ஜில்லாவிலேயே ஈச்சந்தலில்தான் உலர்ந்த காய் இருக்கிறது என்று லாரிகள் வந்து வரிசையில் நின்றன.

நெடுவந்தல்காரர்கள் பட்டப்பகலில் கடப்பாரையும் வீச்சரிவாளுமாகத் திரும்பி வந்தார்கள். கொல்லையில் அன்று விழுந்த வெட்டுகளில் ஈச்சந்தலில் ஒருத்தனுக்குக் கை தோளிலிருந்து தொங்கியது, இன்னொருத்தன் தன் குடலைத் தானே தாங்கிப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நடந்து வந்து வாசலில் விழுந்தான். வீராசாமியின் மகன் மணவாளன், அப்பனைத் தள்ளிய கஜேந்திரனைத் தேடிப் பிடித்து, தலைமுடியைப் பற்றி இழுத்துக்கொண்டு போய், அவன் அண்ணே அண்ணே என்று கத்திக்கொண்டிருக்கும்போதே மின்னலில் வீசினான். தீர்த்தகிரி வட்டத்தின் மறு ஓரத்தில் இருந்தான். ஓடி வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வட்டம் நகர்ந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் அடித்துக்கொண்டே அதைக் கவனித்தார்கள்.

அன்றிலிருந்து தீர்த்தகிரி வேறு ஆள். சோறு தின்னும்போது தட்டைப் பார்க்காமல் மின்னலைப் பார்ப்பான். தம்பி அதுக்குள்ளதான் இருக்கான் என்பான். அஞ்சலாட்சி கையைப் பிடித்தால் உதறுவான். ஒருநாள் ஆட்களோடு போய், டிராக்டர் ரிப்பேருக்காக ரோட்டோரம் நின்றிருந்த மணவாளனைப் பிடித்து, முழங்காலைக் கடப்பாரையால் உடைத்து, வண்டியில் போட்டுக்கொண்டு வந்து பம்புசெட் ரூமில் கட்டிப்போட்டான்.

அஞ்சலாட்சி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தன் கொழுந்தனைக் கொன்றவனைப் பார்க்கத்தான் போனாள், தண்ணீர் கொடுக்கவா, முகத்தில் துப்பவா என்பது அவளுக்கே தெரியாமல் போனாள். மணவாளனுக்கு உதடு கிழிந்திருந்தது. தண்ணி என்ற அவள் குரலைக் கேட்டதும் தலையைத் தூக்கினான்.

"உழவர் நேரம் படிக்கறது நீங்கதானா?"

"ஆமா."

"எங்கம்மா நீங்க சொன்னாதான் கொல்லைக்கு மருந்து அடிக்கும். நீங்க வேணாம்னா நாங்க எவ்ளோ சொன்னாலும் அடிக்காது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நாளைக்கு மழையா அக்கா?"

அவள் செம்பை அவன் வாயில் வைத்தாள். வெளியே வந்தபோது தீர்த்தகிரி வாசலில் நின்றான்.

"அவனை இன்னா பண்ணப் போறீங்க?"

"சாயங்காலம் நீ படிக்கறதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு ஊர்ல சொல்றாங்க" என்றான் தீர்த்தகிரி, கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுகிற குரலில். "மழை இல்லன்னா போவட்டும்ன்றாங்க. இருக்குதுன்னா, வட்டம் இன்னும் பத்தாது."

பஸ்ஸில் போகும்போது அஞ்சலாட்சிக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. பஸ் ஸ்டாப் பெண்ணுக்கு முந்தின சாயங்காலம் அவள் கனமழை என்று படித்தாள். கம்பளிக்காரருக்கு முந்தின சாயங்காலமும் கனமழை என்றே படித்தாள். நிலையத்துக்குப் போனபோது வானிலை மையத்திலிருந்து செய்தி வந்திருந்தது: கடலில் உருவான தாழ்வு மண்டலம் வலுத்துவிட்டது, வடமாவட்டங்களில் வாரம் முழுக்கப் பலத்த மழை. அவள் அதைப் படித்துப் பார்த்தாள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பல வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துளி மழையைக்கூட அவள் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை.

மழை விலகுகிறது, நாளையிலிருந்து வெயில் என்று அன்றைக்குப் படித்தாள்.

வெயில் என்ற சொல்லைக் கேட்டதும் ஊருக்குள் ஏதோ தளர்ந்தது. டீக்கடையில் ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்தான். தீர்த்தகிரி வேண்டாம் வேண்டாம் என்று மறித்தும் கேட்காமல், ஆட்கள் பம்புசெட் ரூமைத் திறந்து மணவாளனைத் தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் போட்டார்கள், அவன் ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். தலைக்கு மேலே ஓங்கிய கையை இறக்கிவிட்ட நிம்மதி எல்லார் முகத்திலும் இருந்தது. வட்டத்துக்குள் நெருக்கிக்கொண்டு கிடந்த காயை எல்லாம் அள்ளி, பாதி காய்ந்ததையும் முக்கால் காய்ந்ததையும் சேர்த்து, தார் ரோட்டில், பள்ளிக்கூட மைதானத்தில், மாடி வீட்டு மொட்டைமாடிகளில், நாளைய வெயிலுக்காகத் தாராளமாக விரித்தார்கள்.

மழை பொழுது விடிகிற நேரத்துக்கு வந்தது. பெய்தது என்று சொல்ல முடியாது, கொட்டியது. ரோட்டில் விரித்த காய் ரோட்டோடு ஓடியது; மைதானத்துக் காய் ஓடைக்குப் போய், ஓடை ஏரிக்குப் போய், ஏரித் தண்ணீர் மேல் பழுப்பாக ஒரு பாய் மாதிரி மிதந்தது. ஆம்பிளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடையால் அள்ளினார்கள். ஒருத்தி மொட்டைமாடியிலிருந்து வழுக்கி விழுந்து கழுத்தொடிந்து செத்தாள்; அவள் மேல் மாடியிலிருந்து காய் சரசரவென்று கொட்டிக்கொண்டே இருந்தது.

அஞ்சலாட்சி ஓடிப்போகவில்லை. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் வந்தது சின்னப்பொண்ணு. வந்ததும் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து வாசலில் தள்ளினாள். பிறகு யார் அடித்தார்கள், யார் உதைத்தார்கள் என்று அவளால் பார்க்க முடியவில்லை. சேறும் கால்களும் மட்டும் தெரிந்தன. ஒரு பல் உடைந்து நாக்கில் கிடந்தது. தெருவோடு இழுத்துக்கொண்டு போனவர்கள் கொல்லைக்கு வந்ததும் விட்டார்கள். வட்டத்துக்குள் மழை இல்லை. ஊர் மொத்தமும் நனைந்து சொட்டச் சொட்ட வெளிச்சத்தில் நின்றது. தீர்த்தகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"தப்பா படிச்சியா? பொய் படிச்சியா?"

"பொய்தாங்க படிச்சேன்" என்றாள் அஞ்சலாட்சி.

"என் தம்பியைக் கொன்னவனுக்காவ."

"அவனுக்காவ மட்டும் இல்ல."

அவன் அடிக்கவில்லை. திரும்பி ஊரைப் பார்த்தான். தள்ளுங்கள் என்று சொன்னவர்கள் பின்வரிசையில் இருந்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அதுவரைக்கும் ஊராகச் சேர்ந்து தள்ளினது எல்லாம் கூட்டத்தில், யார் கை என்று வெளியே சொல்லாத நெரிசலில். இப்போது அவள் தனியாக, உடைந்த வாயோடு, ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாரும் தினமும் கேட்ட குரலுக்கு உரிய முகம் அது. ஒரு கையும் எழவில்லை. அப்போது தீர்த்தகிரி, வீட்டு வேலையை வீட்டுக்காரன்தான் செய்ய வேண்டும் என்பது போல, அவள் மணிக்கட்டைப் பிடித்து மின்னலை நோக்கி இழுத்தான்.

அவள் மல்லுக்கட்டினாள். அவனைக் கடித்தாள். குதிகாலை மண்ணில் ஊன்றினாள், மண் சுட்டுத் தோல் உரிந்தது. பத்து வருஷம் ஒரே பாயில் படுத்த இரண்டு பேர் மூச்சு முட்ட, பேசாமல், ஒருவரை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மின்னலுக்குக் கைநீட்டும் தூரத்தில் அவன் அவளைச் சுழற்றி உள்ளே எறியப் பார்த்தான். அவள் இடதுகை முழங்கை வரைக்கும் வெளிச்சத்துக்குள் போனது. வலி வரவில்லை, கை இல்லாமல்தான் போனது. அவள் அலறிக்கொண்டு பின்னால் சாய, அவளைத் தள்ளின வேகத்தில் தீர்த்தகிரியின் கால், தரையில் சிதறிக் கிடந்த காய்ந்த காய் மேல் பட்டு உருண்டது. அவன் அவளைத் தாண்டிப் போனான். போகும்போது அவன் முகத்தில் கோபம் இல்லை, படியில் கால் தவறினவனுக்கு வருகிற ஆச்சரியம்தான் இருந்தது. ஈரத்துணியை உதறுகிற சத்தம் கேட்டது.

வட்டம் நகர்ந்தது. இதுவரை இல்லாத அளவுக்கு நகர்ந்தது. மழை கொல்லையைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, ஏரிக்கரை வரைக்கும், ஊரின் முதல் வீடு வரைக்கும் பின்வாங்கியது. கூட்டம் நின்ற இடமெல்லாம் மண் காய்ந்து, நனைந்த புடவைகளிலிருந்தும் சட்டைகளிலிருந்தும் ஆவி எழும்பியது. ஒருத்தன் ஏரிப் பக்கம் ஓடினான். இன்னொருத்தன் ஓடினான். கொஞ்ச நேரத்தில் கூடை கூடையாக, தண்ணீரிலிருந்து அள்ளின காய் வந்து கொட்ட ஆரம்பித்தது.

சின்னப்பொண்ணு அஞ்சலாட்சி பக்கத்தில் மண்டியிட்டு, தன் முந்தானையைக் கிழித்துக் கருகின முழங்கையைக் கட்டினாள். கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"கொல்லை இனிமே உன்னுதுதான் அஞ்சலா. எங்களுக்கு மேற்கால ஒரு பாய் போடற அளவுக்கு இடம் உடு."

அஞ்சலாட்சி அவள் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, கொடுமையும் இல்லை. பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கிற முகம்தான்.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் ஊர்க்காரர்கள் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். அவள்தான் இப்போது கொல்லைக்காரி. யாருக்கு எந்தப் பக்கம் இடம் என்று அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரியை விட்டதும் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறாமல், மழையில் நனைந்துகொண்டே வானொலி நிலையத்துக்கு நடந்தாள். வழியில் கடைவீதி முழுக்க லாரிகள், ஈச்சந்தல் காயை ஏற்றிக்கொண்டு மழை விடுவதற்காக நின்றன. நிலையத்துப் படிக்கட்டில் மணவாளன் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்திருந்தான். கூட நெடுவந்தல் ஆட்கள் சிலர். அஞ்சலாட்சி ஆஸ்பத்திரியை விட்டால் நேரே இங்கேதான் வருவாள், ஈச்சந்தல்காரர்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள், காவலுக்கு நிற்க வேண்டும் என்று மணவாளனின் அம்மா சொல்லியிருந்தாள். அஞ்சலாட்சி அவர்களைத் தாண்டி மேலே போய், கதவைச் சாத்தி, ஒற்றைக்கையால் விசையைப் போட்டாள்.

"வணக்கம். உழவர் நேரம். முதலில் உணவுப் பாதுகாப்புச் செய்தி" என்று ஆரம்பித்தாள், எப்போதும் படிக்கிற குரலில். "ஈச்சந்தல் கொல்லையில் காய்ந்த மல்லாட்டையை வாங்காதீர்கள். தின்னாதீர்கள். எண்ணெய் ஆட்டாதீர்கள். அதில் பூஞ்சணம் இல்லை, நன்றாகக் காய்ந்த காய். அது எதில் காய்ந்தது என்று சொல்கிறேன்."

சொல்ல ஆரம்பித்தாள். கைத்தாளில் எதுவும் இல்லை, மனசிலிருந்தே சொன்னாள். பவுனம்மாள், ஈச்சந்தல், யாரும் தள்ளவில்லை, மின்னல் விழுந்து போனாள். வீராசாமி, நெடுவந்தல், தள்ளியது கஜேந்திரன்.

கீழே சத்தம் கேட்டது. காய் லாரிகளோடு டவுனுக்கு வந்திருந்த ஈச்சந்தல்காரர்கள் டீக்கடையில் கேட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டில் இரும்பு இரும்போடு மோதியது, ஒருத்தன் படியில் உருண்டு விழுந்தான், கண்ணாடி உடைந்தது, மணவாளனின் அம்மா வலி தாங்காமல் கத்தினாள். கதவில் கடப்பாரை ஒன்று இறங்கிப் பலகை பிளந்து, வெளிச்சம் உள்ளே வந்தது. அஞ்சலாட்சி நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாப்பில் இருந்த பெண், பேர் தெரியாது, தள்ளியவர்கள் என்று ஊருக்குள் காதில் விழுந்த மூன்று பேர் பெயரைச் சொன்னாள்.

நிலையத்தின் வராந்தாவில், வருகிறவர்கள் கேட்பதற்காக ஒரு ஒலிபெருக்கி மாட்டியிருந்தது. அவள் குரல் அதிலும் வந்துகொண்டிருந்தது. கடப்பாரை வைத்திருந்தவன் அந்த மூன்று பேரில் ஒருத்தன். தன் பெயரைக் கேட்டதும் அவன் கை பாதியில் நின்றது. அவனுக்குப் பின்னால் நின்றவன், அடுத்து வருவது தன் பெயரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அரிவாளை ஓங்கினவனும், அரிவாளைப் பிடித்தவனும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் விடாமல், ரத்தம் சொட்ட, தலையைத் தூக்கி ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். படிக்கட்டு அமைதியானது.

"கஜேந்திரன், ஈச்சந்தல். தள்ளியது மணவாளன், நெடுவந்தல்" என்றாள் அஞ்சலாட்சி. படியில் மணவாளன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தீர்த்தகிரி, ஈச்சந்தல். தள்ள வந்தது தன் மனைவியை. விழுந்தது அவரே." அங்கே மட்டும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "கம்பளி விற்க வந்த ஒருவர். அவர் பேர் ஊர் எங்களுக்குத் தெரியாது. எந்தக் கை தள்ளியது என்று நான் பார்க்கவில்லை. அவர் வீட்டார் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஈச்சந்தலுக்கு வாருங்கள். அடுத்து, வானிலை. நாளையும் மழை இருக்கிறது."

கடைவீதியில் லாரிக்காரர்கள் கேபினில் உட்கார்ந்தபடி கேட்டார்கள். ஒருத்தர் இறங்கிப் போய்த் தார்ப்பாயை அவிழ்த்து, ஏற்றின மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிவைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் இறக்கினார்கள். எண்ணெய்ச் செக்குக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், மளிகைக்கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், ஈச்சந்தல் காயா என்று கேட்காமல் அதன் பிறகு யாரும் ஒரு படி மல்லாட்டை வாங்கவில்லை. வாங்க ஆள் இல்லாத காய்க்காக இடம் கேட்டு அஞ்சலாட்சியிடம் யாரும் வரவில்லை. போலீஸ் வேன் வந்தது. இந்தமுறை பெயர்கள் இருந்தன. அஞ்சலாட்சியைக் கண்டால் தெருவில் முகத்தைத் திருப்பினார்கள், அவள் வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், அவள் கழுவிவிட்டு பஸ் ஏறினாள். காய்ந்த வட்டத்தில் ஒன்றும் விரிபடாமல் மின்னல் கொஞ்ச நாள் நின்றது. பிறகு ஒருநாள், ஊர் மதியச் சோறு தின்றுகொண்டிருந்தபோது, யாரும் பார்க்காமல் போய்விட்டது.

தை பிறந்து வெயில் வந்தபின், ஒரு காலை நேரத்தில், பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். இடுப்பில் குழந்தை, தோளில் கருப்புக் கம்பளி மடிப்பு. அவள் தமிழில் மலைப்பக்கத்து இழுப்பு இருந்தது. லாரிக்காரர் ஒருத்தர் சந்தையில் சொன்னாராம், இங்கே ஒரு கம்பளிக்காரர் என்று. அஞ்சலாட்சி அவளைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். மின்னல் நின்ற இடத்தில் மண் உருகி, பச்சைக் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. அந்தப் பெண் குழந்தையை இறக்கிவிட்டு, குனிந்து அதைக் கையால் தடவினாள். தெருவில் பார்த்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, கொஞ்சம் தள்ளி, வரப்பு மேல் நின்றார்கள்.

"அவர் பேரு சிக்கண்ணன்" என்றாள் அந்தப் பெண். பிறகு நிமிர்ந்து, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டாள்: "யாரு?"

அஞ்சலாட்சிக்குத் தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரப்பு மேல் இருந்தவர்களில் யாரோ இருமினார்கள். யாரோ திரும்பிப் போவதற்காகச் செருப்பைத் தேடினார்கள்.

சின்னப்பொண்ணு வரப்பிலிருந்து இறங்கினாள். அக்குளில் மடித்து வைத்திருந்த கம்பளி ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, கண்ணாடி மண்ணில் கால் வழுக்காமல் மெல்ல நடந்து வந்து, அந்தப் பெண்ணின் முன்னால் நின்றாள்.

"நான் ஒரு கை" என்றாள்.

அந்தப் பெண் கம்பளியை வாங்கிக்கொள்ளவில்லை. சின்னப்பொண்ணு நீட்டின கையை மடக்கவும் இல்லை.

வரப்பு மேல், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன் தேடுவதை விட்டுவிட்டு, வெறுங்காலோடு கீழே இறங்கினான்.